புறாக்குஞ்சின் வயிறும் பதினோரு விதிகளும்

"இந்த வருஷம் ஒரே ஒரு குஞ்சு செத்தாலும் சரி, மொட்டை மாடிக் கூண்டை என் கையாலேயே பிரிச்சுப் போட்டுடுறேன். அதுக்கப்புறம் புறான்னு வாயே திறக்க மாட்டேன்!"

லிஃப்ட் மெக்கானிக் இந்தச் சபதத்தைச் செய்தது காலை ஆறரை மணிக்கு. ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ், இன்னொரு கையில் தண்ணீர்க் குவளை. சபதத்துக்கேற்ற கோலம் என்று சொல்ல முடியாது. கேட்க இருந்ததும் ஒரே ஆள்தான், அவர் மனைவி. அவளும் தலையைத் துவட்டிக்கொண்டே, "பேஸ்ட் சட்டையில வழியுது, பாருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் மனுஷர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வருஷம் பன்னிரண்டு குஞ்சுகளில் ஒன்பது போய்விட்டன. தாய் தகப்பனிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் விட்ட நாற்பது நாளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதலில் தின்ற தானியத்தைக் கக்கும். அப்புறம் பச்சைத் தண்ணீராகக் கழியும். கழுத்தடியில் இருக்கிற தீனிப்பை இறங்காமல் கனத்துத் தொங்கும். சாயந்தரம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்த குஞ்சு, காலையில் அதே மூலையில் சாய்ந்து கிடக்கும். ஒன்பதையும் அவர்தான் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார். ஒன்பதாவதைப் புதைத்த அன்று வேலைக்குப் போனவர், பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்த மோட்டார் அறைக்குள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். கீழே ஜனங்கள் பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார்கள். லிஃப்ட் அசையவில்லை. பத்து நிமிஷம் அந்தக் கட்டடமே அவரோடு சேர்ந்து துக்கம் அனுஷ்டித்தது.

இந்த வருஷமும் பன்னிரண்டு குஞ்சுகள்.

ஆச்சரியப்படுவது அவருக்குக் கைவந்த கலை. இருபது வருஷமாய்ப் புறா வளர்க்கிறார். இன்னமும் முட்டையில் விரிசல் விட்டால் முதல் தடவை பார்ப்பவர் போல வாயைப் பிளப்பார். குஞ்சுகள் வெளியே வந்த மூன்றாம் நாள் மனைவியின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சத்தம் போடாம பாரு."

கூட்டுக்குள் பெரிய புறா ஒன்று வாயை அகலத் திறந்தது. கண்கூடத் திறக்காத குஞ்சு தன் அலகை அந்த வாய்க்குள் அப்படியே நுழைத்தது. பெரியதின் கழுத்து விம்மி விம்மி அடங்கியது. வெளியே வந்த குஞ்சின் வாயோரத்தில் வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது.

"என்னங்க அது?"

"பால்."

"புறாவுக்கா?"

"தீனிப்பையிலேயே சுரக்குது. முதல் வாரம் பூரா இதுதான் ஆகாரம். குஞ்சோட வயித்துக்கு வேண்டிய நல்ல கிருமி, தெம்பு, எதிர்ப்பு சக்தி எல்லாம் இது வழியாத்தான் போகுது."

"என்ன இருந்தாலும் அம்மா அம்மாதான்."

"அது அப்பா."

மனைவி சட்டென்று திரும்பினாள். "அப்பாவா பால் குடுக்குது?"

"ரெண்டும்தான் குடுக்கும். இது பகல் ஷிப்டு."

சொல்லும்போதே அவர் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது, ஏதோ தானே பால் கொடுத்துவிட்டு வந்த மாதிரி. மனைவி ஆண் புறாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் புறாவைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் புரிந்திருக்க வேண்டும். அவர்தான் ஆச்சரியத்தில் மூழ்கியிருந்தாரே, எங்கே புரியப் போகிறது?

அவருடைய சொந்த வயிற்றைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. அது ஒரு தனிக் கதை. லிஃப்ட் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. பகல் சாப்பாட்டை மாலை நாலு மணிக்குத் தின்பார். அதற்கு முன்னும் பின்னும் கட்டட வாசல் டீக்கடையில் எண்ணெயில் பொரித்தது எது கிடைத்தாலும் உள்ளே தள்ளுவார். படுத்தால் நெஞ்செரிச்சல். எழுந்தால் ஏப்பம். அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அந்தக் கடை அலமாரியில் இருந்த வயிற்று மருந்துகளில் அவர் ருசி பார்க்காதது ஒன்றும் இல்லை. "நேரத்துக்குச் சாப்பிடுங்க, கடைப் பண்டத்தை விடுங்க," என்று அவளும் வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "என் வயிறு கல்லையும் கரைக்கும்," என்பார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஏப்பம் வந்துவிடும்.

ஊரையே மேலும் கீழும் அனுப்புகிறவருக்குத் தன் வயிற்றில் எது மேலே போகிறது, எது கீழே வருகிறது என்று மட்டும் தெரியவில்லை.

குஞ்சுகளைப் பிரித்துத் தனிக் கூண்டில் விட்ட முதல் நாள் காலை. மனைவி துணி காயப்போட மாடிக்கு வந்தவள், அவர் எதையோ சட்டைப் பையில் அவசரமாய்த் திணிப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க அது?"

"ஒண்ணும் இல்ல."

"அந்த ஒண்ணும் இல்லாததைத்தான் காட்டுங்க."

காட்டினார். பாதி காலியான மாத்திரை அட்டை. மருந்துக்கடைக்காரிக்குப் பெயரைப் படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அட்டையின் நிறமே போதும்.

"இது கிருமியைக் கொல்ற மாத்திரை. எந்தக் குஞ்சுக்கு உடம்பு சரியில்ல?"

"எதுக்கும் இல்ல."

"பின்ன?"

"வராம இருக்கறதுக்குத்தான். இன்னொரு புறாக்காரர் சொன்னாரு. தினம் தண்ணியில ரெண்டு கரைச்சு விட்டா எந்த நோயும் அண்டாதாம்."

"அவரு வீட்டுக் குஞ்செல்லாம் எப்படி இருக்கு?"

அவர் யோசித்தார். "இப்ப அவரு மீன் வளர்க்குறாரு."

மனைவி தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்தாள், மொத்தத்தையும் சாக்கடையில் கவிழ்த்தாள். "சாயந்தரம் டாக்டர்கிட்ட போறோம். எச்சத்தை ஒரு டப்பாவுல எடுத்துக்குங்க," என்றாள். மருந்து விஷயத்தில் அந்த வீட்டில் அவள் சொல்வதற்கு மேல்முறையீடு கிடையாது.

கால்நடை டாக்டர் எச்சத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார். கொஞ்சம் திருகினார். "வாங்க, வந்து பாருங்க," என்றார்.

நம்மவர் ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணை வைத்தார். அப்புறம் அசையவில்லை. உள்ளே ஒரு ஊரே இருந்தது. குச்சி குச்சியாய், புள்ளி புள்ளியாய், சங்கிலி சங்கிலியாய், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, விலகிக்கொண்டு, எங்கேயோ அவசரமாய்ப் போய்க்கொண்டிருந்தன. பெரிய பெரிய கட்டடங்களில் காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட் வாசலில் நிற்கிற கூட்டத்தை அவர் பார்த்திருக்கிறார். அதெல்லாம் இதன் கால் தூசுக்கு வராது. ஒரு கையில் அடங்கிவிடுகிற குஞ்சு. அதன் வயிற்றுக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்களா?

"இதெல்லாம் நோயா டாக்டர்?" என்றார், கண்ணை எடுக்காமல்.

"முக்கால்வாசி நல்லவங்க. தீனியைச் செரிக்க வைக்கறதும் இவங்கதான், கெட்ட கிருமிக்கு இடம் குடுக்காம காவல் காக்கறதும் இவங்கதான். நீங்க கலக்கினீங்களே மாத்திரை, அது நல்லவன் கெட்டவன் பார்க்காது. எல்லாரையும் காலி பண்ணிடும். காலி வீட்டுக்கு முதல்ல யாரு குடி வருவான்? போக்கிரிதான்."

"அடப்பாவி!" என்றார் அவர். டாக்டரை அல்ல, தன்னைத்தான்.

"குஞ்சைப் பிரிச்ச நாப்பது நாளும் கண்டம்தான். பயம், நெரிசல், புதுத் தீனி எல்லாம் சேர்ந்து வயித்தைக் கெடுக்கும். எழுதித் தரேன், அதன்படி செய்யுங்க. வேற ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பன்னிரண்டில் கடைசியான 'பொடிசு' தானாகத் தீனி பொறுக்கத் தெரியாமல் முழித்தது. அதனால் ஊறவைத்த தானியத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு உதட்டைக் குவிப்பார். தாயின் வாய் என்று நினைத்துப் பொடிசு அலகை உள்ளே விட்டுத் தின்னும். சில புறாக்காரர்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், "என் வாயிலதான் ஊட்டுறேன்," என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. "வேற ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றார்.

டாக்டர் பரபரவென்று எழுதிக் கொடுத்தார். நம்மவர் தாளைப் பார்த்தார். மலை, பள்ளம், மலை, ஒரு சுழி, மறுபடி மலை. திருப்பிப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் மலைதான்.

"குடுங்க இப்படி," என்றாள் மனைவி. எந்த டாக்டரின் கையெழுத்தானாலும் தண்ணீர் பட்ட பாடு அவளுக்கு. அந்தக் கடையில் அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். அவர் டைரியும் பேனாவுமாய். அவள் மூக்குக்கண்ணாடியும் தாளுமாய்.

"ஒண்ணு. நெரிசல் கூடாது. பன்னெண்டையும் ரெண்டு கூண்டாப் பிரிங்க. ரெண்டு. கூண்டுத் தரை எப்பவும் காய்ஞ்சிருக்கணும், தண்ணிப் பாத்திரத்தைத் தினம் தேய்ச்சுக் கழுவணும். மூணு. வாரத்துல ரெண்டு நாள் குடிதண்ணியில கொஞ்சம் வினிகர், மறுநாள் நல்ல கிருமித் தூள். நாலு. தீனி நேரத்துக்கு, பசிக்கு அளவா. எதையும் திடீர்னு மாத்தக்கூடாது."

எழுதி முடித்தார். "அவ்வளவுதானா?"

அவள் தாளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் ஒரு தடவை அவரைப் பார்த்தாள். அப்போதுதான் அவருக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்தது.

"இன்னும் இருக்கு," என்றாள். "அஞ்சு. வளர்க்கறவர் கடையில எண்ணெயில பொரிச்சதைத் தொடவே கூடாது."

பேனா நின்றது. "யாரு, நானா? நான் தின்னா அதுக்கு என்ன?"

"பொடிசுக்கு யாரு வாயில ஊட்டுறா?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது டாக்டருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே!"

"பெரிய டாக்டருங்க. மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பாரு."

அவர் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். என்ன மனுஷர்! என்ன பார்வை! மைக்ராஸ்கோப்பே வேண்டாம் போலிருக்கிறதே! அந்த பிரமிப்பிலேயே ஐந்தாவதை எழுதினார். அதே பிரமிப்பில் ஆறாவதையும். வளர்ப்பவர் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நன்றாக மெல்ல வேண்டும். ஏழாவது, வீட்டில் குரலை உயர்த்திப் பேசக் கூடாது. குஞ்சு பயந்தால் வயிறு கலங்கும்.

எட்டாவதில்தான் கொஞ்சம் தயங்கினார்.

"வளர்க்கறவர் லிஃப்ட்ல ஏறக்கூடாது, படியிலதான் ஏறணும்... என்னம்மா இது? லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட்ல ஏறாம?"

"வேலைக்கு ஏறுங்க. வீட்டுக்கு வரும்போது படி. மூணே மாடிதானே? லிஃப்ட் குலுக்கல்ல உங்க வயித்துல காத்து சேருது. அந்தக் காத்து வாய் வழியா வருது. அந்த வாயிலதான் பொடிசு..."

"போதும் போதும், எழுதிட்டேன்."

ஒன்பதாவது, ராத்திரி பத்து மணிக்கு மேல் டி.வி. கூடாது. பத்தாவது, குஞ்சுகளின் பாத்திரம் கழுவுகிற கையே வீட்டுப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும், அப்போதுதான் சுத்தம் ஒரே மாதிரி இருக்கும். பதினொன்றாவது, ஜில்லென்ற கையோடு குஞ்சைத் தூக்கினால் அதன் வயிறு சுருண்டுவிடும். ஆகவே தினமும் காலையில் சூடாக ஒரு கப் டீ போட்டு, கை சூடாகிற வரை பிடித்திருந்துவிட்டு, பிறகு மாடிக்குப் போக வேண்டும்.

"அந்த டீயை?"

அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "வீட்ல இருக்கறவங்க யாராவது குடிக்கலாம்னு போட்டிருக்கு."

வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் அதிசயங்கள் நடந்தன. ஆறு மணிக்குப் படுக்கைக்கே டீ வந்தது. பாத்திரங்கள் பளபளத்தன. மூன்று மாடி ஏறி வந்த மெக்கானிக்கைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி, "லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டாள். "லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. குஞ்சோட வயிறு," என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குஞ்சுகள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் போயிற்று, பதினைந்து போயிற்று. தினம் காலையில் அவர் கூண்டுக்கு முன்னால் குந்தி, எச்சங்களை ஒவ்வொன்றாய்ப் பார்வையிடுவார். சின்னச் சின்ன உருண்டை, மேலே வெள்ளைத் தொப்பி. நல்ல வயிற்றுக்கு அதுதான் அத்தாட்சி. "ஆகா!" என்பார். நகைக்கடையில்கூட மனைவி அவர் வாயிலிருந்து அந்த "ஆகா"வைக் கேட்டதில்லை. அவருக்கும் ஏப்பம் குறைந்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

இருபத்திரண்டாம் நாள் தவறிவிட்டது.

அன்று சாரல் மழை. பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரு வக்கீல், அவர் சட்டம் பேச ஆரம்பித்துவிட்டார். அவரை வெளியே எடுப்பதற்குள் மணி நாலு. பசி கண்ணை அடைத்தது. டீக்கடை வாணலியில் எண்ணெய் கொதித்தது. நம்மவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். நாலு பஜ்ஜி உள்ளே போயிற்று.

மறுநாள் காலை பொடிசு மூலையில் உட்கார்ந்திருந்தது. இறகு சிலிர்த்திருந்தது. தீனிப்பை கல்லாய்க் கனத்தது. அதன் அடியில் பச்சைத் தண்ணீர்.

அவர் மாடிப்படியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. சமையலறை வாசலில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் கொன்னுட்டேன்."

"யாரை? என்ன ஆச்சு?"

"பொடிசை. நேத்து கடையில தின்னுட்டேன். நாலு. அஞ்சாவது விதி... அஞ்சாவது விதியை மீறிட்டேன். வாயில ஊட்டிட்டேன்." குலுங்கிக் குலுங்கி அழுதார். ஐம்பது வயசு மனுஷர். லிஃப்ட் கயிறு அறுந்தாலும் கலங்காதவர்.

மனைவியின் முகம் மாறியது. அடுப்பை அணைத்துவிட்டு இரண்டிரண்டு படியாய் மாடிக்கு ஏறினாள். கூண்டுக்குள் தலையை விட்டு, தரையில் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள். பொடிசு இருந்த மூலையில் சாரல் அடித்து உமி சொதசொதவென்று ஊறியிருந்தது. ஊறிய தானியமும் அதில் கிடந்தது. ஒன்று விடாமல் அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்த உமி பரப்பினாள். பொடிசைத் துணிப்பெட்டியில் தனியாக வைத்தாள். அரை நாள் தீனியை நிறுத்தி, வினிகர்த் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய் விட்டாள். தன் சொந்தக் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள், அன்று கடைக்கு லீவு சொன்னாள். அவரும் போகவில்லை. இரண்டு பேரும் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய் உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்துடுமா?"

"சாகாது. பேசாம இருங்க."

மூன்று மணிக்குத் தீனிப்பை இளகியது. ஐந்து மணிக்குப் பொடிசு எழுந்து நின்றது. இறகை ஒரு தடவை உதறிக்கொண்டது. அப்புறம், இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு எச்சம் போட்டது. சின்ன உருண்டை. மேலே வெள்ளைத் தொப்பி.

அவர் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகச் சேர்ந்து எதைப் பார்த்தும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"பார்த்தியா?" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அஞ்சாவது விதி எவ்வளவு உண்மை! தெய்வம் மாதிரி எழுதியிருக்காரு அந்த டாக்டர்!"

"ஏங்க, அந்த மூலை..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "ஆமாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு டீக்கடை இருக்கிற பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

நாற்பதாம் நாள் காலை கூண்டுக் கதவைத் திறந்தார். முதலில் ஒன்று வாசலில் வந்து நின்றது. எட்டிப் பார்த்தது. கைப்பிடிச் சுவருக்குத் தாவியது. அப்புறம் ஒன்று, இன்னொன்று. எது முதலில் கிளம்பியது என்று தெரியவில்லை. சடசடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், சுவர் காலியாகிவிட்டது. தலைக்கு மேலே வட்டமடித்தன. அவர் எண்ணினார். பத்து. பதினொன்று. கொஞ்சம் பின்தங்கி, கொஞ்சம் கோணலாய், ஆனாலும் விடாமல், பன்னிரண்டாவதாகப் பொடிசு. அத்தனை ஆகாயத்தில் ஒரு கைப்பிடி உயிர். நேற்றுவரை தன் வாயில் தின்றது. வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்டது ஆகாயத்தையா, பொடிசையா, டாக்டரையா என்று அவருக்கே தெரியவில்லை.

நேரே டாக்டரிடம் ஓடினார். "பன்னெண்டும் பறக்குது டாக்டர்! நீங்க எழுதின பதினோரு விதியையும் ஒரு வரி பிசகாம செஞ்சேன். ஒரே ஒரு நாள்தான் கடையில தின்னுட்டு வாயில ஊட்டிட்டேன், மன்னிக்கணும்."

"பதினொண்ணா? நான் நாலுதானே எழுதினேன்?"

நம்மவர் டைரியை நீட்டினார். டாக்டர் படித்தார். ஐந்தாவதில் புருவம் உயர்ந்தது. எட்டாவதில் கண்ணாடியைக் கழற்றினார். "வளர்ப்பவர் லிஃப்ட்டில் ஏறக்கூடாது..." பதினொன்றாவதில் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த நாய் குரைத்தது.

"வீட்ல அம்மா எங்க வேலை பார்க்குறாங்க?"

"மருந்துக்கடையில."

"சரியாப் போச்சு," என்றார் டாக்டர். "உங்க வயிறு எப்படி இருக்கு இப்போ?"

அவர் வயிற்றைத் தடவினார். அப்போதுதான் கவனித்தார். பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே வந்திருந்தது. கடைசியாக ஏப்பம் விட்டது எப்போது? ஞாபகம் இல்லை. நாற்பது நாள்! படுக்கைக்கு டீ! மலை மலையாய்ப் பாத்திரம்! மூன்று மாடி! எல்லாம் அவள் எழுதாமல் எழுதிய வரிகள்! முகத்தில் கொஞ்சம்கூடச் சலனம் இல்லாமல் வெறும் தாளிலிருந்து ஏழு விதி படித்திருக்கிறாளே! கோபம் வர வேண்டிய இடத்தில் ஆச்சரியம்தான் முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு கோபத்தை வரவழைத்துக்கொண்டார்.

"வாயில ஊட்டினீங்கன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே," என்றார் டாக்டர். "அது குஞ்சுக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல. இனிமே பறக்கப் பழக்கற காலம். புதுசா எழுதித் தரேன்." எழுதினார்.

"வாசிச்சுக் காட்டிடுங்க டாக்டர்."

டாக்டர் வாசித்தார். "ஒண்ணு, பறக்கறதுக்கு முன்னாடி பாதி வயித்துக்குத்தான் தீனி. ரெண்டு, வெளிப் புறா ஏதாவது கூட வந்துட்டா பத்து நாள் தனியா வைக்கணும். மூணு, வாயில ஊட்டக்கூடாது. அவ்வளவுதான்."

மூன்றே வரி. அதுவும் மூன்றாவது வரி இருக்கிறதே, அது அவள் கையிலிருந்த பிடியையே பிடுங்கிவிட்டது. வாயில் ஊட்டுவது இல்லை என்றால் ஐந்தாவது ஏது, எட்டாவது ஏது? நம்மவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் தெரியாதவர் போலத் தாளை நீட்டுவது. அவள் நாலாவது என்று வாயைத் திறந்த நொடியில் கையும் களவுமாகப் பிடிப்பது.

அவள் மொட்டை மாடியில் இருந்தாள். பன்னிரண்டும் திரும்பி வந்து சுவரில் வரிசையாய் உட்கார்ந்திருந்தன.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எழுதிக் குடுத்திருக்காரு. எனக்கு எங்க புரியுது? நீயே படி."

டைரியைத் திறந்து வைத்துக்கொண்டார். அவள் கண்ணாடியை மாட்டினாள்.

"ஒண்ணு. பறக்கறதுக்கு முன்னாடி பாதி வயித்துக்குத் தீனி."

"ம்."

"ரெண்டு. வெளிப் புறா வந்தா பத்து நாள் தனியா வைக்கணும்."

"ம்ம்."

"மூணு. வாயில ஊட்டக்கூடாது." தாளை மடித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "அவ்வளவுதான்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"மூணுதான் எழுதியிருக்காரு."

"நல்லாப் பாரு. பின்பக்கம்?"

திருப்பிக் காட்டினாள். "வெறும் தாளுங்க."

பொறி காலியாக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அவருக்குள் வேறொன்று கிடுகிடுத்தது. நாலு விதி டாக்டருடையது, ஏழு இவளுடையது, சரி. ஆனால் பன்னிரண்டையும் காப்பாற்றியது எது? பொய் என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்தாவதை மீறிய மறுநாள் பச்சைத் தண்ணீரை அவரே கண்ணால் பார்த்தாரே? நாளையிலிருந்து இவை ஊர் முழுக்கப் பறக்கும். யார் வீட்டு மாடியிலோ இறங்கும். எந்தத் தண்ணீரையோ குடிக்கும். அதற்கு மூன்றே மூன்று வரியா? சுவரின் கோடியில் பொடிசு தலையைச் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வளர்க்கறவருக்குன்னு ஒண்ணுமே இல்லையா?" குரல் அவரை அறியாமல் கெஞ்சியது.

"டாக்டர் உங்களுக்கு வாசிச்சே காட்டியிருப்பாரே?" என்றாள் அவள், சாவதானமாக.

"காட்டினாரு."

"அப்ப மூணுதான்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவர் புறாக்களைப் பார்த்தார். பன்னிரண்டு.

"டாக்டர் கிடக்குறாரு. மிச்சத்தையும் படி."

அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். தாளின் வெறும் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"பேனா எடுங்க," என்றாள். "நாலு."